எலும்பு கூடிவிட்டது, வலி ஏன் வந்தது?

வாசகர் கேள்வி, எலும்பு டாக்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, பழைய விபத்துக்குப் பிறகு வந்த இடுப்பு வலியைப் பற்றியவை. முதல் கடிதம் ஐந்து பக்கம். சுருக்கித் தருகிறேன்.

*

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வயது 46. வீடு குலசேகரம் பக்கம். தொழில் ரப்பர் பால்வெட்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அழகியமண்டபம் ரோட்டில் பைக்கில் போகும்போது வேன் இடித்து, வலது இடுப்பு மூட்டு விலகி, தொடை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணமும் உடைந்தது. பிளேட்டும் ஆறு ஸ்குரூவும் வைத்தார்கள். எட்டு மாதத்தில் மரத்துக்குப் போய்விட்டேன். ஏழு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது இரண்டு வருடமாகக் கவட்டையில் வலி, முட்டிலும் (முழங்காலிலும்) வலி. முட்டுக்கு மூன்று தடவை எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசியும் போட்டார்கள், கேட்கவில்லை. முந்நூறு மரம் வெட்டிய இடத்தில் நூற்றைம்பது வெட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிறது. கீழ்ப்பட்டை வெட்டக் குனிய முடியவில்லை. கால் நகம் வெட்டிவிடுவது மகள். ஒரு டாக்டர் மூட்டு மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் அறுபது ஆகட்டும் என்றார். பிளேட்டை எடுத்தால் வலி போகும் என்கிறான் மச்சான். ஊரில் ஒரு ஆசான் (நாட்டு வைத்தியர்) 21 நாள் எண்ணெய் தடவினால் போதும் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்க? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மச்சான் ஒருவரைத் தவிர மற்ற மூவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சிக்கலே அதுதான்.

முதலில் முட்டு வலியை ஓரமாக வைத்துவிடுவோம். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளை முட்டுக்கும் போகிறது. அதனால் இடுப்பு மூட்டு கெட்டவர்களில் பலர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். "எங்கே வலி?" என்று கேட்டால், இடுப்பு மூட்டுக்காரர் ஒரு விரலால் தொட்டுக் காட்டமாட்டார். கையை வளைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடிப்பார். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் கவட்டையை நோக்கி முன்னால். இதைப் பார்த்தாலே எனக்குப் பாதி புரிந்துவிடும். மீதிக்கு, மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்புவேன். அப்போது தொடை உள்நோக்கித் திரும்பும். தேய்ந்த மூட்டு முதலில் இழப்பது இந்தத் திருப்பலைத்தான். நோயாளி வாய் திறக்கும் முன்பே முகம் சொல்லிவிடும். ஒரு நிமிட வேலை.

மூன்று எக்ஸ்ரே எடுத்தவர்கள் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. ஆனால் திட்டும் தகுதி எனக்கும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பனையிலிருந்து விழுந்து பிழைத்த ஒரு பனையேறிக்கு மூன்று மாதம் முட்டு வைத்தியம் பார்த்தேன். கடைசியில் எங்கள் பிசியோதெரபிஸ்ட்தான், "சார், இவரு சம்மணம் போட்டு உட்காரமாட்டேங்காரு, ஒரு தடவை இடுப்பைப் பாருங்க" என்றார். பார்த்தேன். கிண்ணம் தேய்ந்து கிடந்தது.

சரி, கூடிய எலும்பு ஏழு வருடம் கழித்து ஏன் வலிக்கிறது? ஒரு சிரட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இளந்தேங்காய் வழுக்கை ஒட்டியிருக்கிறது. இடுப்பு மூட்டின் கிண்ணமும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியே எலும்பு, உள்ளே வழுவழுப்பான குருத்தெலும்பு. தொடை எலும்பின் பந்துக்கும் அதே பூச்சு உண்டு. வழுக்கையோடு வழுக்கை உரசுவதால்தான் மூட்டு சத்தமில்லாமல் ஓடுகிறது. விபத்தில் சிரட்டை உடைந்தது. பிளேட் வைத்து அதை ஒட்டவைத்தார்கள், அதுவும் நன்றாகவே கூடியது. உள்ளே நசுங்கிய வழுக்கைக்கு ரத்தக்குழாய் கிடையாது. அது பழையபடி முளைக்காது. இடித்த வேகத்திலேயே அதன் செல்களில் ஒரு பகுதி செத்திருக்கும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு நேரடியாகத் தெரியாது என்பதால் அன்றைக்கு எடுத்த படமும் நன்றாகவே இருந்திருக்கும். பிறகு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் படத்தில் தெரியும் கறுப்பு இடைவெளி குறைந்து, எலும்போடு எலும்பு உரசத் தொடங்கும்போது வலி வரும். ஓரத்தில் முள் மாதிரி எலும்பு வளரும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் இது எல்லாமே இருக்கிறது.

இதற்குப் பெயர் விபத்துக்குப் பின்வரும் மூட்டுத் தேய்மானம். வயதானவர்களுக்கு வரும் தேய்மானத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகச்சாடை ஒன்று, குணம் வேறு. இது இளம் வயதில் வரும், ஒரு பக்கம் மட்டும் வரும்.

அன்றைக்கு அறுவை செய்த டாக்டர் தப்பு பண்ணிவிட்டாரா என்று கடிதத்தின் நான்காம் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. கிண்ண முறிவுகளை வகை பிரித்து, எந்த வழியாக உள்ளே போவது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஜூடே, லெட்டூர்னல் என்ற பிரெஞ்சு நிபுணர்கள். அவர்களுடைய முக்கியமான கட்டுரை 1964-இல் வந்தது. உடைந்த துண்டுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் தேய்மானத்துக்கான வாய்ப்பு கூடும் என்பது இன்றும் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் கிண்ண முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் தேய்மானம் வருகிறது. மயிரிழை பிசகாமல் பொருத்திய மூட்டும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவது உண்டு. உங்களுக்குக் கிண்ணம் உடைந்ததோடு பந்தும் விலகியிருக்கிறது. விலகிய பந்து வெளியே கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ரத்த ஓட்டத்துக்கு ஆபத்து. ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் பாடம். உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்பது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும்.

அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். வீட்டில் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். எந்த வழியாகத் திறந்தார்கள், வைத்தது ஸ்டீலா டைட்டானியமா, புண்ணில் சலம் வைத்ததா என்பதெல்லாம் அடுத்து உங்களை அறுக்கப் போகிறவருக்கு எக்ஸ்ரேயைவிட உதவும்.

மச்சானுக்குச் சொல்லுங்கள்: பிளேட் வலிக்கவில்லை. தேய்ந்த மூட்டுதான் வலிக்கிறது. கிண்ணத்தின் பின்சுவரில் வைத்த பிளேட்டுக்குப் பக்கத்தில், காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு போகிறது. பழைய தழும்புக்குள் அது எங்கே ஒட்டிக்கிடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பிளேட்டைத் தேடிப் போய், பாதத்தைத் தூக்க முடியாமல் திரும்பியவர்கள் உண்டு. சலம் வைத்திருந்தாலோ, ஸ்குரூ மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலோ கதை வேறு. இல்லையென்றால் அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். மூட்டு மாற்றும் நாளில்கூடக் குறுக்கே நிற்கிற ஸ்குரூவை மட்டும்தான் எடுப்போம்.

ஆசான் விஷயத்தில் நான் கொஞ்சம் பட்சபாதி. என் தாத்தா விளவங்கோடு பக்கம் ஆசானாக இருந்தவர். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் துணியும் வைத்து அவர் கட்டிய கைகள் நேராகக் கூடியதை நானே பார்த்திருக்கிறேன். தைலத்தைச் சூடாக்கித் தொடைத் தசைகளில் தடவினால் இறுக்கம் தளரும், இரவில் தூக்கம் வரும். செய்துகொள்ளுங்கள், தடையில்லை. தேய்ந்த வழுக்கையை எந்த எண்ணெயும் வளர்க்காது, அவ்வளவுதான். இரண்டு காரியத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலைப் பிடித்து முறுக்கி இழுக்கும் உழிச்சல் ஒன்று. பெயரில்லாத பொட்டலத்தில் தரும் கறுப்பு உருண்டை இன்னொன்று. இரண்டாவதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும், ஆனால் நாள்பட அதுவே பந்தின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். தாத்தா அந்த மாதிரி உருண்டை கொடுப்பவர்களைத் திண்ணையில் ஏறவிட்டதில்லை.

இனி, அறுவைக்கு முன்னால் செய்ய வேண்டியவை. கம்பை இடது கையில் பிடியுங்கள். ஆமாம், வலி வலது பக்கம், கம்பு இடது கையில். பத்துப் பேரில் எட்டுப் பேர் வலிக்கிற பக்கத்திலேயே கம்பை ஊன்றிக்கொண்டு என் அறைக்குள் வருகிறார்கள். ஒற்றைக்காலில் நிற்கும் அந்த அரை விநாடியில், உடம்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிக்க இடுப்புத் தசை வேலை செய்கிறது. அந்த இழுவையும் சேர்ந்து மூட்டின் மேல் விழும் பாரம் உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு ஆகிறது. எதிர்க்கையில் கம்பு ஊன்றினால் அந்தத் தசை பாடுபட வேண்டியதில்லை, பாரம் கணிசமாக இறங்கும். கடையில் ரப்பர் குமிழ் வைத்த கம்பாகப் பார்த்து வாங்குங்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். நொண்டி நடப்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

எடைக்கும் இதே கணக்கு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு இரண்டரை, மூன்று கிலோ குறையும். நீங்கள் 84 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். மரச்சீனிக் கிழங்கைக் கொஞ்சம் குறைத்துச் சாளை மீனைக் கூட்டுங்கள்.

தசைப் பயிற்சி விஷயத்தில் யாரும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வலிக்கிற கால் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, முட்டு நேராக, காலை ஒரு சாண் மேலே தூக்கி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, இறக்குங்கள். காலை, மாலை பத்துப் பத்துத் தடவை. வலி கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். நீச்சல் தெரிந்தால் அதைவிட நல்லது இல்லை. நம் ஊரில் குளத்துக்குப் பஞ்சமில்லை. படித்துறைப் பாசி மட்டும் கவனம்.

மாத்திரை. பாராசிட்டமால் 650, நாளுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. அது கேட்காத நாளில் டைக்ளோஃபெனாக் வகை, சாப்பாட்டுக்குப் பிறகு, சில நாள்களுக்கு மட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயிற்றுப்புண், சிறுநீரகம், இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மார்த்தாண்டத்தில் மருந்துக்கடைக்காரர் தந்தார் என்று வருடம் முழுக்க மென்று சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் எண்ணி முடிக்கமாட்டேன். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி சில மாதம் ஆறுதல் தரும். ஆழமான மூட்டு என்பதால் ஸ்கேனோ எக்ஸ்ரேயோ பார்த்துத்தான் போட வேண்டும். மூட்டு மாற்றத் தேதி குறித்திருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேண்டாம், கிருமித் தொற்று வாய்ப்பு கூடும்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். 46 வயதில் மாற்றலாமா, அறுபது வரை காக்க வேண்டுமா?

அறுபது ஆகட்டும் என்று சொன்னவர் பழைய கணக்கைச் சொல்கிறார். அதற்குக் காரணம் இருந்தது. இன்றைய இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு வழி போட்டவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேயர். முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். நம் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே சாமான். ஓரிரு வருடத்தில் தேய்ந்து, உதிர்ந்த தூள் எலும்பையே அரித்தது. மனிதர் தன் தொடைக்குள்ளேயே அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளை வைத்துப் பார்த்தார். 1962-இல் உறுதியான பாலித்தீனுக்கு மாறினார், அது நின்றது. ஆனாலும் அந்தக் காலப் பாலித்தீன் உழைப்பாளி ஒருவரின் உடம்பில் சீக்கிரம் தேயும். அதனால் இளம் வயதுக்காரர்களுக்கு மூட்டை அப்படியே எலும்போடு எலும்பாக ஒட்டவைத்துவிடுவார்கள். என் ஆசிரியர் அதைச் செய்திருக்கிறார். வலி போகும், ஆனால் கால் கட்டைபோல் நிற்கும். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் அப்படி ஒட்டவைத்துக்கொண்டவருக்கு மட்டும் ஒன்றரை வேண்டும். இப்போது ஏறக்குறைய யாரும் செய்வதில்லை.

இன்றைய பாலித்தீனும் செராமிக் பந்தும் வேறு தரம். பல நாட்டுப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்து 2019-இல் வந்த கணக்குப்படி, நூறு இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 மூட்டுகள் 25 வருடம் தாங்குகின்றன. அதில் வந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணத் தேய்மானக்காரர்கள், உங்களைவிட வயது கூடியவர்கள். உடைந்து கூடிய கிண்ணத்துக்கு அவ்வளவு உத்தரவாதம் தர எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாளில் இன்னொரு தடவை அறுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். அப்படி நினைத்தும், தம்பி, நான் உங்களை அறுபது வரை நிறுத்திவைக்கமாட்டேன். பதினான்கு வருடம் நொண்டி நடந்து, முதுகையும் அடுத்த காலையும் கெடுத்து, மாத்திரையில் சிறுநீரகத்தையும் கொடுத்துவிட்டு அறுபதில் வரும் உடம்புக்கு அறுவை செய்வது எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

எப்போது என்பதை எக்ஸ்ரே முடிவு செய்யக் கூடாது. படம் மோசமாக இருந்தும் கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர் இருக்கிறார், அவரைத் தொடமாட்டேன். நான் கேட்பது மூன்று கேள்விதான். இரவில் வலி எழுப்புகிறதா? வீட்டுக்கு வெளியே எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? உங்கள் கால் நகத்தை யார் வெட்டுகிறார்கள்? மூன்றாவதற்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். கம்பும் பயிற்சியும் எடையும் மூன்று மாதம் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, அப்போதும் மகள்தான் வெட்டுகிறாள் என்றால் நாள் குறியுங்கள்.

அறுவைக்கு முன்னால் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை. பழைய பிளேட்டைச் சுற்றிக் கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். இந்த இரண்டும் ஏறியிருந்தால் மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்காமல் புது மூட்டை வைக்கக் கூடாது. இன்னொன்று சி.டி. ஸ்கேன். கிண்ணத்தில் எங்கே எலும்பு இருக்கிறது, எங்கே பள்ளம் என்பது சாதாரண எக்ஸ்ரேயில் முழுதாகத் தெரியாது. பள்ளம் இருந்தால் உங்கள் பந்திலிருந்தே எலும்பை எடுத்து நிரப்பலாம். தசைக்குள் முளைத்த எலும்பு, நரம்பைச் சுற்றிய தழும்பு, குட்டையான கால் என்று எல்லாம் சேர்ந்து, சாதாரணமாக ஒன்றரை மணி நேரத்தில் முடியும் அறுவையை உங்களுக்கு மூன்று மணி நேரம் ஆக்கும். கிருமித் தொற்று, மூட்டு விலகல், நரம்புப் பாதிப்பு மூன்றும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் "மூட்டு மாற்று செய்வீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் செய்வோம். "கிண்ணம் உடைந்து பிளேட் வைத்த மூட்டை எத்தனை மாற்றியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். முகம் சுளிக்கிற டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

பணத்துக்கு, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுக் கவுன்ட்டரில், உங்கள் பழைய காகிதங்களோடு போய்க் கேளுங்கள்.

முடிந்த பிறகு? மறுநாளே வாக்கரில் நிற்க வைப்போம். முதல் மூன்று மாதம் தாழ்ந்த நாற்காலி, கால்மேல் கால், குனிந்து தரையில் கிடப்பதை எடுப்பது எதுவும் கூடாது. சம்மணமும் குத்தவைப்பதும் அதற்குப் பிறகும் வேண்டாம் என்பேன். சில டாக்டர்கள் விடுகிறார்கள், நான் விடுவதில்லை. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கும் செலவை அறுவைச் செலவோடேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பால்வெட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விடியுமுன் தலைவிளக்கோடு, மழையில் வழுக்கும் தட்டுச்சரிவில், ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து நிமிர்வது புது மூட்டுக்கு ஏற்ற வேலை இல்லை. சமதரைத் தோட்டமாக, மேல்பட்டை வெட்டும் மரமாக, எண்ணிக்கை குறைத்து என்றால் ஆறு மாதம் கழித்துப் பேசலாம். பால் சேகரிக்க, ஷீட் அடிக்க, உலர்த்த மாறிக்கொள்ள முடியுமா என்று முதலாளியிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் குளச்சலில் வள்ளத்தில் போகிறவர். வயது 34. போன ஆவணியில் அலையில் வள்ளம் தூக்கிப்போட்டு இடது இடுப்பு விலகியது. மறுநாள்தான் உள்ளே தள்ளினார்கள். முறிவு இல்லை என்றார்கள். மூன்று மாதத்தில் கடலுக்குப் போனார். இப்போது எட்டு மாதம், திரும்பவும் கவட்டையில் வலி. எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள். நடிக்கிறார் என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: நடிக்கவில்லை, தங்கச்சி. "மறுநாள்தான்" என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்தான் எனக்குப் பயம் தருகிறது. பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மூட்டு விலகும்போது இழுபட்டு முறுகும். நேரம் போகப் போகப் பந்தின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் சாகும். செத்த எலும்பு உடனே இடியாது. மாதக்கணக்கில் உருவம் மாறாமல் நிற்கும், எக்ஸ்ரேயும் நார்மலாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும். இந்த வாரமே எடுங்கள், இரண்டு பக்க இடுப்பும் சேர்த்து.

பந்து இன்னும் உருண்டையாக இருந்தால், எலும்பில் துளை போட்டு உள் அழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். எல்லாருக்கும் பலிப்பதில்லை, ஆனாலும் 34 வயதில் முயலாமல் விடக்கூடாது. பந்து அமுங்கிவிட்டால் மேலே சொன்ன தேய்மானக் கதைதான், இன்னும் வேகமாக. முடிவு தெரியும்வரை அந்தக் காலில் முழுப் பாரம் வைக்க வேண்டாம், கடலுக்கும் வேண்டாம். குடி இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். குடி மட்டுமே இருந்தாலும் இந்த நோய் வரலாம். மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

*

கேள்வி: குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன். அப்பாவுக்கு 58 வயது, தக்கலையில் இருக்கிறார். 20 வருடத்துக்கு முன் விபத்தில் இடுப்பு உடைந்தது, இப்போது முற்றிய தேய்மானம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு வளரும், அறுவை வேண்டாம் என்று ஒரு இடத்தில் மூன்று லட்சம் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். எலும்போடு எலும்பு உரசும் நிலையில் குருத்தெலும்பைத் திரும்ப வளர்த்துக் காட்டிய ஊசி இன்றுவரை இல்லை. நீங்கள் நர்ஸ், உங்களிடம் நேராகவே சொல்லலாம். அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "போட்டு ஐந்து வருடம் ஆனவரின் முன்படமும் பின்படமும் காட்டுவீர்களா?" அந்த மூன்று லட்சத்தை வங்கியில் போட்டுவிட்டு, லீவில் வரும்போது அப்பாவை நேரில் நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். அறுவைக்குப் பிறகு முதல் ஆறு வாரம் வீட்டில் ஆள் வேண்டும். லீவை அதற்குத் தக்கபடி போடுங்கள்.

*

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, ஆரல்வாய்மொழி. பழைய முறிவுக்குப் பிறகு ஒரு கால் குட்டை. செருப்பில் கட்டை வைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, குட்டைக் காலுக்கு அடியில் பழைய நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். "இப்போது நேராக நிற்கிறேன்" என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் வந்தால் ஒன்றில் ஆரம்பியுங்கள். பல வருடமாகச் சாய்ந்தே பழகிய முதுகு, ஒரே நாளில் முழு உயரமும் கொடுத்தால் கோபித்துக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் வரை செருப்புக்குள்ளேயே வைக்கலாம், அதற்கு மேல் அடியில்தான் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவரிடம் குதிகாலுக்கு மட்டும் வைக்காமல் முன்பாதம் வரை சரித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்வார் இல்லாத ஹவாய்ச் செருப்பில் வைக்க வேண்டாம், கழன்றுபோகும்.